வயிற்றுவலி என்று சொன்னேன்

சிஸ்டர் அன்று கேட்ட கேள்வியை இப்போதும் என்னால் அதே குரலில் திருப்பிச் சொல்ல முடியும். மருத்துவமனையின் பெண்கள் வார்டில் மூன்றாவது நாள் காலை. இட்லிப் பொட்டலத்தோடு நான் உள்ளே நுழைந்தபோது, கட்டிலுக்கு அடியில் கிடந்த இரும்பு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டு, என் மனைவியின் தலைமாட்டில் ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியின் ஒரு காம்பு உடைந்து, அதில் காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. மனநலப் பிரிவிலிருந்து வருவதாகச் சொன்னார். அவளுடைய பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், ராத்திரி தூங்கினாளா என்று கேட்டார். பிறகு, சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பது போன்ற அதே சாதாரணக் குரலில், "சாகணும்னு எத்தன நாளா தோணிக்கிட்டிருந்துச்சு அக்கா?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னாம்மா கேள்வி இது? மறக்க வெக்கணும்னு நாங்க பாடுபட்டுக்கினு இருக்கோம், நீங்க வந்து ஞாபகப்படுத்தறீங்க!" என்று கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சிஸ்டர் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசாமல் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்த என் மனைவி, "மழ காலத்துலருந்து" என்றாள். அப்போது சித்திரை மாதம். ஆறு மாதமாக அவள் அதைச் சுமந்துகொண்டிருக்கிறாள். ஆறு மாதமாக அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்று குறை சொல்லிவிட்டு, நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். இட்லிப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

என் வேலையைச் சொன்னால்தான் என் முட்டாள்தனம் முழுதாகப் புரியும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ப்புறம் நான் மனு எழுதிக் கொடுப்பவன். ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், பாதி நாள் மக்கர் செய்யும் ஜெராக்ஸ் மிஷின். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் கூட்டம் ஜாஸ்தி. பட்டா மாறவில்லை, முதியோர் பணம் நின்றுவிட்டது, வரப்பை வெட்டிவிட்டான் என்று அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் வருவார்கள். அவர்கள் பேச்சிலிருந்து சங்கதியை மட்டும் பிரித்தெடுத்து, 'மேற்படி', 'கருணை கூர்ந்து' எல்லாம் சேர்த்து, அரை மணி நேரத்தில் ஒரு பக்கமாக்கிவிடுவேன். அதில் எனக்கு நல்ல பெயர், கொஞ்சம் கர்வமும் உண்டு. வீட்டிலும் அதே பழக்கம். அவள் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், "சங்கதிக்கு வா" என்பேன். அவளுக்குச் சங்கதி என்று தனியாக ஒன்று இருக்காது. மழை பெய்ததில் ஆரம்பித்து, செத்துப்போன அம்மாவின் புடவையைத் தொட்டு, மகள் விடுதியில் சரியாகச் சாப்பிடுகிறாளா என்று போய், பாதியில் நிறுத்திவிடுவாள். போகப் போக, ஆரம்பிப்பதையே நிறுத்திவிட்டாள். வீடு அமைதியாகிவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவள் என்ன செய்துகொண்டாள் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதக்கூடாது என்று சிஸ்டரும் பிற்பாடு சொன்னார். அந்த விவரத்தால் யாருக்கும் நல்லது நடக்காது. ஏன் என்றும் ஒரே வரியில் சொல்லத் தெரியாது. அம்மா போன துக்கம் இருந்தது. மகள் படிக்கப் போன பிறகு வீடு காலியானது இருந்தது. மாதக்கணக்கில் தூக்கம் போனது இருந்தது. நான் இருந்தேன். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நோயும் இருந்தது என்று டாக்டர் சொன்னார். அன்று காலை மறந்து வைத்த ஏதோ ஒரு ஃபைலை எடுக்க நான் வீட்டுக்குத் திரும்பியதால் அவள் பிழைத்தாள்.

விசாரிக்கக் கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார். வயதானவர், பதமாகத்தான் பேசினார். அவர் பேனாவைத் திறப்பதற்கு முன்பே நான் சொன்னேன்: "ரொம்ப நாளா தீராத வயித்துவலிங்க. தாங்க முடியாம இப்படிப் பண்ணிக்கினா." எனக்கு அது புதிய வாக்கியமே இல்லை. பதினைந்து வருஷத்தில் எத்தனையோ குடும்பங்களுக்காக அதை என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நம் பக்கத்தில் ஒரு பெண்ணோ ஆணோ உயிரை விடத் துணிந்தால், பேப்பரிலும் ஸ்டேஷனிலும் உறவுக்காரர்கள் வாயிலும் அது வயிற்றுவலியாகத்தான் வரும். வயிற்றுவலி யார் மானத்தையும் வாங்காது. மாமியார் தப்பிப்பார், புருஷன் தப்பிப்பான், நாளைக்குக் கல்யாணம் ஆகவேண்டிய மகள் தப்பிப்பாள். அதே வாக்கியத்தைத்தான் மகளிடம் சொன்னேன். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் என் பெரிய மச்சானிடமும், அதாவது அவளுடைய அண்ணனிடமும், சொன்னேன். அவள் மறுக்கவில்லை. அவளுக்கும் அது சௌகரியம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிஸ்டர் என்னைத் தனியே உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். மாத்திரையை நான்தான் வைத்திருந்து வேளாவேளைக்குக் கொடுக்க வேண்டும். ஆபத்தான எதுவும் வீட்டில் கைக்கெட்டும்படி இருக்கக்கூடாது. கொஞ்ச நாளைக்கு அவளைத் தனியாக விடக்கூடாது. அடுத்த வியாழக்கிழமை காலை டாக்டரிடம் கட்டாயம் கூட்டிவர வேண்டும். "அந்த மொதல் சில வாரம்தான் சார் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். வீட்டுக்கு வந்துட்டாங்க, எல்லாம் சரியாயிடுச்சுனு நெனச்சிடாதீங்க" என்றார். என் பேச்சுக்கும் பதில் சொன்னார். "நீங்க அன்னிக்கிக் கோவிச்சுக்கினீங்களே, கேக்கறதால அந்த நெனப்பு வராதுங்க. உள்ள இருக்கறத ஒருத்தர்கிட்ட எறக்கி வெக்கத்தான் கேக்கறது." நான் தலையாட்டினேன். மனு எழுதுபவன் ஆயிற்றே, எல்லாவற்றையும் ஒரு தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டேன்.

அந்தத் தாளில் இருந்ததை நான் சிரத்தையாகச் செய்தேன் என்று சொல்ல வேண்டும். செங்கம் ரோட்டுக்குப் பின்னால், வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு இருக்கும் தெருக்களுக்கு நடுவில் எங்கள் வீடு. வீட்டில் பூட்ட முடிந்ததை எல்லாம் பூட்டினேன். பீரோ சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டு நடமாடினேன். அவசரத்தில் ரேஷன் கார்டையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு இரண்டு நாள் தேடினேன். அவள் குளியலறைக்குப் போனால் வெளியே நின்று இருமுவேன். ஆனால் அவளிடம் நான் எதையும் கேட்கவில்லை. பேச்சு வந்தால் டிவியைப் போட்டேன். அந்த வாரம் முழுக்க உறவுக்காரர்கள் வந்தார்கள், வந்தவர்கள் எல்லாரும் வயிற்றுக்கு மருந்து கொண்டுவந்தார்கள். ஓமத் தண்ணீர், சீரகக் கஷாயம், மணத்தக்காளி வற்றல், மாதுளம்பழத் தோலைக் காயவைத்து இடித்த பொடி. ஒவ்வொருவர் எதிரிலும் அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, "இப்ப பரவால்ல" என்றாள். பக்கத்து வீட்டம்மா மட்டும் எதையும் கொண்டுவரவில்லை. கொஞ்ச நேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துவிட்டுப் போனார்.

பெரிய மச்சான் கஷாயத்தோடு நிற்கிற ஆள் இல்லை. நெல்லும் மல்லாட்டையும் போட்டு, மூன்று தங்கைகளைக் கட்டிக் கொடுத்த மனிதர். கடைசித் தங்கை மேல் உயிர். மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலையை மூட்டை ஏற்றும் தன் வேனிலேயே புதன்கிழமை வந்து இறங்கினார். "வயித்துவலிக்கா உயிர விடறது? நாளைக்கி ஸ்கேன் எடுக்கறோம் மாப்ள. பெரிய டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிட்டேன்" என்றார். நாளைக்கு வியாழக்கிழமை. சிஸ்டர் வரச் சொன்ன நாள். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். நாளைக்கு வேறு டாக்டரைப் பார்க்கணும் மச்சான் என்று சொன்னால், எந்த டாக்டர் என்பார். எதற்கு என்பார். ஒரு வாரம் தள்ளிப்போனால் என்ன ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டு, "சரி மச்சான்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

இல்லாத வயிற்றுவலிக்கு இப்படித்தான் நாங்கள் ஸ்கேன் எடுத்தோம். வெறும் வயிற்றில் கூட்டிப் போய், ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து, வராந்தாவில் வரிசையில் உட்காரவைத்தோம். அவள் ஒரு பாட்டில் முடித்து, போதவில்லை என்று சொன்னதும் இன்னொரு பாட்டிலும் மறுபேச்சில்லாமல் குடித்தாள். பதினோரு மணிக்கு ரிப்போர்ட் வந்தது. கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம், எல்லாம் நார்மல். மச்சான் வராந்தாவிலேயே அவளைக் கட்டிக்கொண்டார். "ஒண்ணுமில்லியாம் தங்கச்சி! உனக்கு ஒண்ணுமே இல்லியாம்!" வழியில் வேனை நிறுத்தி இரண்டு கிலோ ஜாங்கிரி வாங்கினார். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். எங்கள் மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரிக்கும் ஒன்று கிடைத்தது. தங்கை கையில் ஒன்றைத் திணித்துச் சாப்பிட வைத்துவிட்டு, நிம்மதியாக ஊருக்குக் கிளம்பினார். எனக்கும் நிம்மதி. ஒரு பொய் சுமுகமாக முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டம்மாவிடம் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பத்து நாளாகப் பூட்டிக் கிடந்த கடையைத் திறக்கப் போனேன்.

மூன்று மணி வாக்கில் சிஸ்டர் கூப்பிட்டார். வராதவர்களைத் தேடிக் கூப்பிடுவது அவருடைய வழக்கம் என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு கோடு போட்ட நோட்டில் அன்று வரவேண்டியவர்களின் பெயரை எழுதிவைத்து, வந்தவர்களுக்கு ஒரு டிக் போட்டு, டிக் இல்லாத பெயரை அன்று மாலைக்குள் பிடித்துவிடுவார். "ஏன் சார் வரல?" என்றார். "வயித்து ஸ்கேன் எடுக்கப் போயிட்டோம் சிஸ்டர். ஒண்ணுமில்லைனு வந்துருச்சு" என்று, நல்ல சேதி சொல்வது போலச் சொன்னேன். சிஸ்டர், "அவங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னீங்களா? ஒண்ணுமில்லைனு?" என்று கேட்டார். "தெருவுக்கே சொல்லிட்டோம் சிஸ்டர்." "இப்ப அவங்க கூட யாரு இருக்கா?" என்றார். பக்கத்து வீட்டம்மா என்று சொல்ல ஆரம்பிக்கும்போதே, வியாழக்கிழமை மத்தியானம் அந்த அம்மா பேத்தியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போவது எனக்கு உறைத்தது. சிஸ்டர் அதற்குள் முடிவு செய்திருந்தார். "நீங்க கெளம்புங்க. நான் இன்னொரு போன்ல அவங்களக் கூப்பிட்டுப் பேசிக்கினு இருக்கேன். நீங்க போற வரைக்கும் வெக்க மாட்டேன்."

அன்று பௌர்ணமி வேறு. ஊருக்குள் வண்டி விடாமல் தடுப்பு போட்டுவிட்டார்கள். ஸ்கூட்டரை ஒரு டீக்கடை வாசலில் போட்டுவிட்டு ஓடினேன். செங்கம் ரோடு முழுக்கக் கிரிவலக் கூட்டம். வெயில் தாழ்வதற்கு முன்பே நடக்க ஆரம்பித்திருந்தார்கள். வெறுங்காலோடு, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு, சாவதானமாக. நான் அவர்களை இடித்துக்கொண்டு ஓடினேன். வயதான ஒருவர், "மெதுவாப் போ சாமி, மலை எங்கயும் ஓடிடாது" என்று சிரித்தார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. அன்று எந்தச் சாமியையும் நான் கும்பிடவில்லை. சிஸ்டர் போனை வைக்காமல் இருக்க வேண்டும், சார்ஜ் இருக்க வேண்டும், என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அவள் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். போன் காதில் இருந்தது. என்னைப் பார்த்ததும் போனில், "வந்துட்டாருங்க" என்றாள். அவளுக்கு எதிரில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். "சார், இப்ப நீங்க கேளுங்க" என்றது சிஸ்டரின் குரல். "நீங்கதான் கேட்டுட்டீங்களே சிஸ்டர்" என்றேன். "நான் கேட்டேன். நீங்க கேக்கலியே. வீட்ல நீங்கதான அவங்க கூட இருக்கப் போறீங்க?" நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உனக்கு ஏதாவது விபரீதமான எண்ணம் ஏற்படும் பட்சத்தில்" என்று ஆரம்பித்தேன். சத்தியமாக அப்படித்தான் வாயில் வந்தது. "மனு எழுதாதீங்க சார்" என்றார் சிஸ்டர். "தமிழ்ல கேளுங்க."

என் மனைவி அழுத முகத்தோடு லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில், பதினெட்டு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளிடம், முதல் தடவையாக ஒரு கேள்வியை நேராகக் கேட்டேன். "சாகணும்னு தோணுதா?" அவள், "ஆமாங்க" என்றாள். அவளாகவே மேலே பேசினாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லைனு எல்லாரும் ஸ்வீட் சாப்ட்டீங்க. எனக்கு ஒண்ணுமே இல்லைனா, உள்ள இவ்ளோ வலிக்குதே, அது இன்னாங்க அப்ப? நான் வேணும்னே பண்ற மாதிரிதான ஆவுது?" சங்கதிக்கு வா என்று சொல்லும் நாக்கு அன்று மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "எனக்குத் தெரியல. நான் பொய் சொல்லிட்டேன். உனக்கு வலிக்குதுனு எனக்குத் தெரியாமப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டு அழுதேன். அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். போனில் சிஸ்டர், "அழுது முடிச்சிட்டு ரெண்டு பேரும் ஆட்டோ புடிச்சு வாங்க. டாக்டர் இருக்காரு. நானும் இருக்கேன்" என்றார்.

அந்தத் தடவை ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தோம். மருந்தை மாற்றினார்கள். அது வேலை செய்ய ஆரம்பிக்கச் சில வாரம் ஆகும், அதுவரைக்கும் மனிதர்கள்தான் மருந்து என்றார் டாக்டர். கிளம்புவதற்கு முந்தின நாள் சிஸ்டர் ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்தார். மறுபடியும் அந்த நினைப்பு வந்தால், வருகிறது என்று எப்படித் தெரியும், வந்தால் அவள் என்ன செய்வாள், யாரைக் கூப்பிடுவாள் என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுதுவதற்குத்தான் நான் இருக்கிறேனே என்று பேனாவை எடுத்தேன். அவள், "தல சீவாம ரெண்டு நாள் இருந்தேன்னா" என்றாள். நான், 'தன் சுகாதாரத்தில் அக்கறையின்மை' என்று எழுதினேன். சிஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டு அதன் மேல் ஒரு கோடு போட்டார். "இத யார் சார் பேசுவா? அவங்க சொன்னத அவங்க சொன்ன மாதிரியே எழுதுங்க. கஷ்டம் வர்ற நேரத்துல அவங்க இதப் படிக்கணும்."

அன்றுதான் நான் என் மனைவி பேசுவதை வார்த்தை மாற்றாமல் எழுதினேன். தலை சீவாமல் இருந்தால். காபி ஆறிப்போய் எதிரில் இருந்தால். மகள் போன் வந்தும் எடுக்கத் தோன்றவில்லை என்றால். என்ன செய்தால் கொஞ்சம் இறங்கும் என்று கேட்டதற்கு, கிரிவலம் போவது என்று சொல்வாள் என நான் எதிர்பார்த்தேன். ஊரே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவள், "அது வாணாம், கால் வலிக்குது, கூட்டத்துல அழுகாச்சியா வருது" என்று சொல்லிவிட்டு, "பக்கத்து வீட்டம்மா கூடக் கீரை ஆயறது" என்றாள். யாரைக் கூப்பிடுவாள் என்பதற்கு, முதலில் சிஸ்டர், அடுத்து பக்கத்து வீட்டம்மா, மூன்றாவது மகள். நான் நாலாவது. அதையும் நானே என் கையெழுத்தில் எழுதினேன். என் முகம் போன போக்கைப் பார்த்து சிஸ்டர், "லிஸ்ட்ல இருக்கீங்கல்ல சார், சந்தோசப்படுங்க" என்றார். பெரிய மச்சான் அந்தப் பட்டியலில் இல்லை. அவருக்கு இன்னும் வயிற்றுவலிதான்.

சிஸ்டர் அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் எங்களைக் கூப்பிட்டார். முதலில் வாரம் இரண்டு தடவை, பிறகு ஒரு தடவை, பிறகு மாதத்துக்கு ஒன்று. எப்போதும் அவளிடம்தான் முதலில் பேசுவார். நடுவில் இரண்டு தடவை மோசமானது. இரண்டு தடவையும் அவளே தாளை எடுத்துப் பார்த்து, அவளே கூப்பிட்டாள். மகளிடம் உண்மையை அவளே போனில் சொன்னாள். நான் வாசலில் நின்று கேட்டேன்; அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் பேசினார்கள், சங்கதி என்ன என்று ஒருவரை ஒருவர் அவசரப்படுத்தவில்லை. சிஸ்டருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தபோது நாங்கள் பார்க்கப் போனோம். கண்ணாடியில் அதே பிளாஸ்திரி. அழுவார் என்று நினைத்தோம், அவரோ புதிதாக வந்திருந்த சிஸ்டரிடம் கோடு போட்ட நோட்டைக் காட்டி, "டிக் இல்லாத பேர விட்டுட்டு வீட்டுக்குப் போவாத" என்று மிரட்டிக்கொண்டிருந்தார். என் மனைவிக்கு ஒரு கைக்குட்டையும் எனக்கு ஒரு பால்பாயிண்ட் பேனாவும் கொடுத்தார். அவருக்குக் கடன்பட்டது போல நான் வேறு யாருக்கும் கடன்பட்டதில்லை, அதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. என் கடைக்கு வருகிறவர்களில் யாராவது, "வயித்துவலினு போட்டுக்கலாமா சார்" என்று தயங்கினால், பேனாவை மூடிவைத்து, வீட்டில் மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கிறேன். பேச எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருக்கிறேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

இந்த மார்கழியில் பெரிய மச்சான் வந்தார். இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட அவர் வெறுங்கையோடு வந்ததில்லை. மல்லாட்டைப் பையோடு கூடவே தங்கைக்காக வறுத்து இடித்த ஓமப் பொடியும் இருக்கும். சாப்பிட்டு முடித்து, கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, எப்போதும் கேட்பது போலக் கேட்டார். "வயித்துவலி மறுபடி வந்துச்சா தங்கச்சி?" அதெல்லாம் இல்லை மச்சான் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். "அது வயித்துவலி இல்லண்ணா. எப்பவுமே இல்ல. எனக்கு வாழப் புடிக்காம இருந்துச்சு. அதுக்குத்தான் இப்ப வரைக்கும் மாத்திர சாப்புடறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் போலவும் இருந்தது. அவர், "அப்ப நான் ஜாங்கிரி வாங்கியாந்தேனே" என்றார். "தெருவெல்லாம் குடுத்தேனேம்மா." அறுபது வயது மனிதர், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அவள் அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து முதுகைத் தடவினாள். "உனக்குத் தெரியாதுண்ணா. இவரும் சொல்லல, நானும் சொல்லல." ரொம்ப நேரம் கழித்து அவர் துண்டை எடுத்தார். எனக்கு ஒரு பௌர்ணமி ஓட்டமும் சிஸ்டரின் அதட்டலும் தேவைப்பட்ட கேள்வியை, அவர் யாரும் சொல்லிக் கொடுக்காமல், அவள் கண்ணைப் பார்த்துக் கேட்டார். "இப்பவும் சாகணும்னு தோணுதா தங்கச்சி?"

அவள் யோசித்தாள். அவரைச் சமாதானப்படுத்துவதற்காக எதையும் சொல்லவில்லை. "இன்னிக்கி இல்லண்ணா" என்றாள்.

மச்சான் மெதுவாகத் தலையை ஆட்டினார். "அப்ப நாளைக்கிம் கேக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவள் போன் அடித்தது. பேச்சுக்குப் பின்னால் கழனியில் மோட்டார் ஓடும் சத்தம் எனக்கும் கேட்டது. அவள் ஒரு கையால் தலையைப் பின்னிக்கொண்டே, "இல்லண்ணா" என்றாள். பிறகு, "நீ காபி குடிச்சியா?" என்று அவரைக் கேட்டாள்.